இல்லத்துப் பிள்ளைகளும் பல்கலைக்கழகச் செலவும்

(கண்டாவளையில் நிகழ்த்தப்பட்ட சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



2003ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் வன்னியில் பிறந்த ஒரு பிள்ளையின் வயதைக் கணக்குப் பார்த்தால் இன்றைய பேச்சின் பொருள் பாதி விளங்கிவிடும். 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் போர் முடிந்தபோது அந்தப் பிள்ளைக்கு ஆறு வயது நிரம்பியிருக்காது. தாய் தகப்பனை அங்கேயே இழந்து, செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் உறவினர் ஒருவரோடு சில மாதம் இருந்து, பிறகு ஒரு சிறுவர் இல்லத்துக்கு வந்து சேர்ந்ததாக வைத்துக்கொள்வோம். 2021இல் பதினெட்டு வயது. 2022ஆம் ஆண்டுக்குரிய உயர்தரப் பரீட்சை தள்ளித் தள்ளிப் போய் 2023 ஜனவரி 23ஆம் திகதிதான் தொடங்கியது. பெறுபேறு வெளியானது செப்டெம்பர் 4ஆம் திகதி. அதன்பிறகு வெட்டுப்புள்ளி, தெரிவுப் பட்டியல், பதிவு. முதல் விரிவுரைக்குப் போய் உட்காரும்போது 2024 ஆகியிருக்கும். பிள்ளைக்கு இருபது கடந்து இருபத்தொன்று நெருங்கியிருக்கும். இரண்டாம் முறை பரீட்சை எழுதிய பிள்ளை என்றால் இன்னும் ஒரு வருடம்.

அரசின் பராமரிப்பு பதினெட்டு வயதோடு முடிகிறது. அரசின் உதவித்தொகை பல்கலைக்கழகத்தில் பதிந்த பிறகே தொடங்குகிறது. இரண்டுக்கும் நடுவே கிடக்கும் இரண்டு மூன்று வருடத்துக்குப் பொறுப்புச் சொல்ல எந்தத் திணைக்களமும் இல்லை. பெற்றோரில்லாப் பிள்ளைகளின் உயர்கல்வி பற்றிப் பேசும்போது எல்லோரும் உதவித்தொகையின் அளவைத்தான் பேசுகிறார்கள். உண்மையில் முதலில் பேச வேண்டியது இந்த நடுக்காலத்தைப் பற்றி.

யார் இந்தப் பிள்ளைகள்? சில ஆண்டுகளுக்கு முன் எடுக்கப்பட்ட தேசியக் கணக்கின்படி இலங்கையில் 350க்கும் மேற்பட்ட சிறுவர் இல்லங்களில் பத்தாயிரத்துக்கும் அதிகமான பிள்ளைகள் இருந்தார்கள். அவர்களில் பெரும்பாலானோருக்குத் தாயோ தகப்பனோ ஒருவராவது உயிரோடு இருக்கிறார். வறுமை, மறுமணம், தாய் மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போனது, தகப்பனின் குடி, வீட்டில் நடந்த வன்முறை என்று காரணங்கள் பல. வன்னியில் போர் அந்தக் காரணங்களுக்கெல்லாம் மேலாக நின்றது. 2009இல் கைக்குழந்தையாய் இருந்தவர்களுக்கு 2027இல் பதினெட்டு வயது நிரம்பும். போரில் பெற்றோரை இழந்த கடைசிப் பிள்ளைகள் அவர்கள்தான். அவர்கள் இப்போது உயர்தர வகுப்புகளில் இருக்கிறார்கள். கண்டாவளை, தருமபுரம், முரசுமோட்டைப் பக்கத்துப் பாடசாலைகளிலும் இருக்கக்கூடும்.

இல்லங்களுக்கு வெளியே, இன்னும் பெரிய தொகையினர் அம்மம்மா வீட்டிலும் அப்பம்மா வீட்டிலும் பெரியம்மா வீட்டிலும் வளர்ந்தார்கள். மேலைநாடுகளில் வளர்ப்புக் குடும்பம் என்று அரசு பதிவு செய்து, மாதப்படி கொடுத்து, அதிகாரியை அனுப்பிப் பார்க்கும் ஏற்பாட்டை இங்கே உறவு முறையே சம்பளமில்லாமல் செய்தது. 1939ஆம் ஆண்டின் சிறுவர், இளைஞர் கட்டளைச் சட்டத்தில் ஒரு பிள்ளையைத் தகுந்த ஒருவரின் பொறுப்பில் நீதிமன்றம் ஒப்படைக்க வழி உண்டு. ஆனால் எழுபது வயது அம்மம்மா எந்த நீதிமன்றத்துக்கும் போகவில்லை. முகாமிலிருந்து பேரப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு தறப்பாள் கொட்டிலுக்கு வந்து சோறு சமைக்கத் தொடங்கினார், அவ்வளவுதான். அந்தப் பிள்ளை இன்று பல்கலைக்கழகத்துக்குத் தெரிவானால், அரசின் எந்தப் பட்டியலிலும் பராமரிப்பில் வளர்ந்த பிள்ளை என்று அதன் பெயர் இருக்காது.

பெற்றோரில்லாப் பிள்ளைகளைப் படிப்பிக்கும் வழக்கம் இந்த மண்ணுக்குப் புதியதல்ல. கிளிநொச்சியில் குருகுலம் என்ற இல்லம் இருந்தது. ஜெயந்திநகரில் மகாதேவ ஆச்சிரமச் சிறுவர் இல்லம் போருக்கு முன்னும் பின்னும் நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்கு வீடாக இருந்தது. அதைப் பல வருடம் முன்னின்று நடத்தியவர் கிளிநொச்சியின் முன்னாள் அரசாங்க அதிபர் தி. இராசநாயகம். பெண்பிள்ளைகளுக்குச் செஞ்சோலையும் ஆண்பிள்ளைகளுக்குக் காந்தரூபன் அறிவுச்சோலையும் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் உருவாயின. யாழ்ப்பாணத்தில் சிவத்தமிழ்ச்செல்வி தங்கம்மா அப்பாக்குட்டி தெல்லிப்பழை துர்க்கை அம்மன் கோயிலோடு சேர்த்துத் துர்க்காபுரம் மகளிர் இல்லத்தை நடத்தினார். கோயிலுக்கு வந்த பணம் பெண்பிள்ளைகளின் சோறாகவும் பாடப்புத்தகமாகவும் மாறியது. இந்த ஓர் எடுத்துக்காட்டைக் கடைசியில் மறுபடி எடுத்துப் பேச வேண்டியிருக்கிறது.

இனிப் பணத்துக்கு வருவோம். 1945இல் கன்னங்கரா கொண்டுவந்த இலவசக் கல்வியின் பயனாக அரச பல்கலைக்கழகத்தில் படிப்புக் கட்டணம் இல்லை. இது பெரிய பேறு. அமெரிக்காவில் பெற்றோரில்லாப் பிள்ளை முதலில் மோதுவது கட்டணச் சுவரோடு. இங்கே அந்தச் சுவர் கிடையாது. மாவட்ட ஒதுக்கீடும் உண்டு. கலைத்துறை தவிர்ந்த பெரும்பாலான துறைகளில் 40 வீதம் அகில இலங்கைத் தகுதிக்கும், 55 வீதம் மாவட்டங்களின் சனத்தொகைக்கும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய பதினாறு மாவட்டங்களுக்கும் என்று இடங்கள் பிரிக்கப்படுகின்றன. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மூன்றும் அந்தப் பதினாறில் அடங்கும்.

உதவித்தொகைகளில் முக்கியமானது மகாபொல. லலித் அத்துலத்முதலி தொடங்கிய இத்திட்டம் 1981ஆம் ஆண்டின் சட்டத்தால் நம்பிக்கை நிதியமானது. பரந்தன் சந்தியில் தொங்கும் அபிவிருத்தி லொத்தர்ச் சீட்டுகளின் இலாபத்தில் ஒரு பங்கு இந்த நிதிக்குத்தான் போகிறது. மகாபொல கிடைக்காதவர்களுக்கு வருமானத்தைப் பார்த்து மாணவர் உதவுதொகை, மாணவர் வாயில் பேசரி, வழங்கப்படுகிறது. நீண்ட காலம் மகாபொல மாதம் 5,000 ரூபாயும் பேசரி 4,000 ரூபாயுமாக இருந்தன. 2025ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டம் அவற்றை 7,500 ஆகவும் 6,500 ஆகவும் உயர்த்தியது. உயர்வு வரவேற்கத்தக்கது. வீட்டிலிருந்து அரிசி, தேங்காய், மாதாமாதம் சிறு தொகை வரும் பிள்ளைக்கு அது கைச்செலவுக்குப் போதும். வீடே இல்லாத பிள்ளைக்கு அதுதான் சாப்பாடு, அதுதான் அறை வாடகை, அதுதான் பஸ் காசு, அதுதான் மருந்து. ஒரே தொகையை இருவருக்கும் கொடுத்துவிட்டுச் சமமாக நடத்தினோம் என்று சொல்வது நியாயமாகாது.

அந்தத் தொகையும் பதிந்த உடனே வருவதில்லை. முதல் தவணை மாதக்கணக்கில் பிந்துவது நாட்டின் எல்லாப் பல்கலைக்கழக மாணவருக்கும் தெரிந்த சங்கதி. மற்றப் பிள்ளைகள் அந்த மாதங்களை அப்பாவின் கடனிலும் அம்மாவின் அடகுவைத்த சங்கிலியிலும் கடத்துகிறார்கள்.

முதல் கிழமையைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். பதிவுக்கு வரச்சொல்லிக் கடிதம் வருகிறது. அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், உயர்தரப் பெறுபேறு, மருத்துவப் படிவம், புகைப்படங்கள் எல்லாவற்றுக்கும் பிரதி எடுக்க வேண்டும். இடம்பெயர்வில் பிறப்புச் சான்றிதழ் தொலைந்திருந்தால் மறுபிரதிக்கு அலைய வேண்டும். பிறப்பே பதியப்படாதவருக்கு உத்தேச வயதுச் சான்றிதழ் எடுக்க வேண்டும். படுக்கை விரிப்பு, தலையணை, வாளி, பூட்டு, இரண்டு சோடி உடுப்பு, ஒரு சோடி சப்பாத்து. பொறியியல், தொழில்நுட்பப் பீடம் என்றால் மடிக்கணினி இல்லாமல் முதல் பருவமே ஓடாது. இடம் பேராதனையோ மொறட்டுவையோ என்றால் இரவு பஸ்ஸில் போய் இறங்கிய அன்றே தங்க ஓர் அறை வேண்டும். விடுதி கிடைக்காவிட்டால் போடிங் வீட்டுக்காரர் மூன்று மாத முற்பணம் கேட்பார். இவை எல்லாம் மகாபொலவின் முதல் சதம் கணக்கில் விழுவதற்கு முன் கட்ட வேண்டிய செலவு. இந்தச் செலவுப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு கடன் கேட்க ஒரு ஆள்கூட இல்லாத நிலையைத்தான் பெற்றோரில்லாமை என்கிறோம்.

விடுமுறை வருகிறது. விடுதி பூட்டப்படுகிறது. எல்லோரும் பையைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போகிறார்கள். இல்லத்தில் வளர்ந்த பிள்ளை எங்கே போவது? இல்லத்துக் கட்டிலில் இப்போது வேறொரு சின்னப் பிள்ளை படுக்கிறது. நல்ல பொறுப்பாளர் இருந்தால், பாயைப் போட்டு வா பிள்ளை என்பார். சட்டம் அவருக்கு அந்தப் பொறுப்பைக் கொடுக்கவில்லை. அவர் மனம் கொடுக்கிறது. வன்னியில் பல பிள்ளைகள் பட்டம் பெற்றது அப்படிப்பட்ட மனிதர்களால்தான் என்பதை இந்த இடத்தில் நன்றியோடு சொல்ல வேண்டும். ஆனால் ஒரு நாட்டின் ஏற்பாடு ஒருவரின் நல்ல மனதை மட்டும் நம்பி நிற்கக் கூடாது.

படிவங்களிலும் இந்தப் பிள்ளைகளுக்கென்று தனி வேதனை உண்டு. உதவித்தொகை விண்ணப்பம் தாய் தகப்பனின் வருமானத்தைக் கேட்கிறது. கிராம அலுவலர் உறுதிப்படுத்தி, பிரதேச செயலாளர் மேலொப்பமிட வேண்டும். தகப்பன் இறந்திருந்தால் மரணச் சான்றிதழ் காட்டலாம். ஆனால் போரின் முடிவில் வட்டுவாகலில் கையைக் காட்டிச் சரணடைந்து பஸ்ஸில் ஏறிய தகப்பன் இறந்தாரா, இருக்கிறாரா? மரணச் சான்றிதழ் எடுப்பது அவரைத் தாங்களே புதைப்பதற்குச் சமம் என்று மறுத்த குடும்பங்கள் கிளிநொச்சியில் ஏராளம். 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கந்தசுவாமி கோயில் முன்றலில் தொடங்கிய, காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகளின் போராட்டம் அந்த மறுப்பிலிருந்து பிறந்தது. 2016ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சட்டம், காணாமற்போனவர் என்பதை மட்டும் உறுதிசெய்யும் ஒரு சான்றிதழுக்கு வழி செய்தது. மரணத்தை ஒப்புக்கொள்ளாமலே சொத்து, கொடுப்பனவு போன்ற காரியங்களை நடத்த அது உதவும். அதையும் வாங்க விரும்பாத தாய்மார் உண்டு. அவர்களின் மறுப்புக்கு மதிப்புக் கொடுத்தே தீர வேண்டும். அதற்காகப் பிள்ளையின் விண்ணப்பம் மேசையில் கிடக்கக் கூடாது. தாய் எழுதிக் கொடுக்கும் ஒரு கடிதமும் கிராம அலுவலரின் நேரறிவும் போதும் என்று ஒரு சுற்றறிக்கை சொன்னால் போதும். அதற்கு ஒரு சதமும் செலவில்லை.

வெளியுலகம் இதில் என்ன கண்டுபிடித்திருக்கிறது? அமெரிக்காவின் சிக்காகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்க் கோர்ட்னியும் அவரது குழுவும் இலினோய், விஸ்கொன்சின், அயோவா ஆகிய மூன்று மாநிலங்களில் வளர்ப்புப் பராமரிப்பிலிருந்த 732 பிள்ளைகளை 2002 முதல் இருபத்தாறு வயது வரை பின்தொடர்ந்தார்கள். இருபத்தாறு வயதில் அவர்களில் ஏறத்தாழ 8 வீதத்தினரிடமே கல்லூரிப் பட்டம் இருந்தது. அதே வயதுடைய மற்றவர்களில் 46 வீதத்தினரிடம் இருந்தது. இந்த இடைவெளியைவிட முக்கியமான இன்னொன்று அந்த ஆய்வில் வெளிப்பட்டது. இலினோயில் இருபத்தொரு வயது வரை பராமரிப்பில் இருக்கச் சட்டம் இடம் கொடுத்தது. மற்ற இரண்டில் பெரும்பாலும் பதினெட்டோடு சரி. இலினோய்ப் பிள்ளைகள் கூடுதலாகக் கல்லூரிக்குப் போனார்கள். தலைக்கு மேல் கூரை நீடித்ததும் படிப்பும் நீடித்தது. ஆய்வின் முதற்கட்ட முடிவுகள் இந்த வாதத்துக்குப் பலம் சேர்க்க, 2008இல் அமெரிக்கக் காங்கிரஸ் பராமரிப்பை இருபத்தொரு வயது வரை நீடிக்கும் மாநிலங்களுக்கு மத்திய அரசுப் பணம் கொடுக்கும் சட்டத்தை இயற்றியது. அதற்கு முன்பே, இப்பிள்ளைகளின் கல்லூரிச் செலவுக்கு வருடம் 5,000 டொலர் வரை கொடுக்கும் திட்டமும் அங்கே வந்திருந்தது. பணம் மட்டும் இருந்தபோது கிடைக்காத பலன், பணமும் கூரையும் சேர்ந்தபோது கிடைத்தது என்பதே அங்கிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம்.

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் 2017 முதல் பராமரிப்பில் வளர்ந்தவர்களுக்கு அரச கல்லூரி, பல்கலைக்கழகங்களில் கட்டண விலக்கு அளிக்கிறது. 2023இல் வயதெல்லையையும் எடுத்துவிட்டது. முப்பது வயதில் படிக்க மனம் வந்தாலும் போகலாம். ஸ்கொட்லாந்து இவர்களுக்கென்று, திருப்பிக் கொடுக்க வேண்டாத தனி உதவித்தொகை வைத்திருக்கிறது. இந்தியாவில் 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டமும் அதன் விதிகளும் இல்லத்தை விட்டு வெளியேறும் பிள்ளைக்கு இருபத்தொரு வயது வரையும், தேவையானால் இருபத்துமூன்று வரையும் பின்பராமரிப்பு உண்டு என்கின்றன. 2018இல் மகாராட்டிர அரசு ஆதரவற்றோருக்கு 1 வீதத் தனி ஒதுக்கீட்டை அறிவித்தது. சாதி தெரியாமல், எந்த ஒதுக்கீட்டுக்குள்ளும் வரமுடியாமல் அரசுத் தேர்வில் வாய்ப்பை இழந்த ஓர் இளம்பெண் விடாமல் போராடியதே அதற்குக் காரணம்.

தமிழ்நாடு நமக்கு இன்னும் கிட்ட. 2021 மே மாதம், கொரோனாவால் தாய் தகப்பன் இருவரையும் இழந்த பிள்ளைகளின் பெயரில் 5 இலட்சம் ரூபாய் வைப்பிலிட்டு, பதினெட்டு வயதில் வட்டியோடு கொடுப்பதாகவும், பட்டப்படிப்பு வரை கல்வி, விடுதிச் செலவை அரசே ஏற்பதாகவும் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அறிவித்தார். 2025 செப்டெம்பர் 15ஆம் திகதி தொடங்கிய அன்புக்கரங்கள் திட்டம், இரு பெற்றோரையும் இழந்து உறவினரோடு வளரும் பிள்ளைகளுக்குப் பதினெட்டு வயது வரை மாதம் 2,000 ரூபாய் வழங்குகிறது. பள்ளி முடித்தபின் உயர்கல்விக்கு வழிகாட்டுவதும் அதன் பகுதி. உறவினர் வீட்டில் வளரும் பிள்ளை என்று அது பெயர் சொல்லி எண்ணுவது வன்னிக்கு மிகவும் தேவையான பார்வை.

இலங்கையும் சும்மா இருக்கவில்லை. 2019இல் மாற்றுப் பராமரிப்புக்கான தேசியக் கொள்கை வந்தது. 2025 வரவு செலவுத் திட்டத்தில், இல்லங்களிலும் உறவினர் வீடுகளிலும் வளரும் ஆதரவற்ற பிள்ளைகளுக்கு மாதம் 5,000 ரூபாய் கொடுப்பனவு முன்வைக்கப்பட்டது. நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புத் திணைக்களத்தின் 'செவன சரண' திட்டம் கொடையாளரைப் பிள்ளையின் படிப்போடு இணைக்கிறது. குறை இவற்றின் எல்லையில் இருக்கிறது. சிறுவர் என்ற சொல்லுக்குள் அடங்கும்வரை பிள்ளைக்கு ஒரு திணைக்களம் உண்டு. அதன் பின் அடுத்த திணைக்களம் பிள்ளையை ஏற்பதற்குள் மூன்று வருடம் போய்விடுகிறது.

அந்த மூன்று வருடத்தில் என்ன நடக்கிறது என்பது இங்குள்ளோர்க்குத் தெரியும். ஆண்பிள்ளை மேசன் வேலைக்குக் கையாளாகப் போகிறான், அல்லது கொழும்பில் கடையொன்றில் நிற்கிறான். பெண்பிள்ளை ஆடைத் தொழிற்சாலை பஸ்ஸில் ஏறுகிறாள்; இல்லாவிட்டால் அவசரத்தில் கலியாணம். உயர்தரத்தை மூன்றாம் முறை எழுதினால் கிடைத்திருக்கக்கூடிய இடத்தை இன்னொருவர் பெற்றுவிடுகிறார். கெட்டித்தனமான பிள்ளைகள் பல்கலைக்கழகத்தை விட்டுவிட்டு, தங்குமிடமும் படியும் சேர்ந்து கிடைக்கும் தாதியர் பயிற்சியையோ கல்வியியற் கல்லூரியையோ தேர்ந்தெடுப்பதும் இதனால்தான். அவை மதிப்பான தொழில்கள்; விரும்பிப் போவோர் போகட்டும். மருத்துவராகவோ பொறியியலாளராகவோ வரக்கூடிய ஒருவர் படுக்க இடமில்லாத காரணத்தால் அங்கே போவது வேறு கதை.

இத்தனைக்கும் பல்கலைக்கழகம் தூரத்தில் இல்லை. அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியல், தொழில்நுட்பப் பீடங்கள் இருக்கின்றன. அதே இடத்தில் 2016இல் திறந்த இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனம் தொழிற்கல்வியைத் தருகிறது. வவுனியா வளாகம் 2021 ஓகஸ்ட் முதல் தனிப் பல்கலைக்கழகம். வன்னிப் பிள்ளைக்கு வன்னிக்குள்ளேயே பட்டம் பெற வழி இருக்கிறது.

அரசிடம் கேட்க வேண்டியவை நான்கு. பராமரிப்பை இருபத்தொரு வயது வரை, படிப்பவருக்குப் பட்டம் முடியும் வரை நீடிக்க வேண்டும். பராமரிப்பில் வளர்ந்தவர்களுக்கு மகாபொலவின் முதல் தவணை பதிவு நாளிலேயே கையில் கிடைக்க வேண்டும். விடுமுறையிலும் இவர்களுக்கு விடுதி அறை திறந்திருக்க வேண்டும். பார்வையற்றோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் விசேட அனுமதி வைத்திருக்கும் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு, பெற்றோரில்லாப் பிள்ளைகளுக்கும் அதே பிரிவில் சில இடங்களை ஒதுக்க வேண்டும். பின்தங்கிய மாவட்டம் என்று ஓர் இடத்தை ஏற்றுக்கொண்ட ஆணைக்குழுவுக்கு, பின்தங்க வைக்கப்பட்ட பிள்ளையை ஏற்றுக்கொள்வதில் கொள்கைச் சிக்கல் எதுவும் இல்லை.

அரசு அசையும்வரை ஊர் காத்திருக்க வேண்டியதில்லை. புலம்பெயர்ந்த உறவுகள் இன்றும் தனித்தனியாகப் பிள்ளைகளைப் பொறுப்பெடுத்து மாதாமாதம் பணம் அனுப்புகிறார்கள். அது பெரிய கொடை. ஆனால் அனுப்புபவருக்கு வேலை போனாலோ, நோய் வந்தாலோ இரண்டாம் வருடத்தில் பணம் நின்றுவிடுகிறது. ஒருவர் ஒரு பிள்ளை என்ற முறையை விட்டு, பிரதேச மட்டத்தில் ஒரு பொது நிதியாக அதைச் சேர்த்தால் ஒருவர் விலகினாலும் பிள்ளை விழாது. இரணைமடு நீரில் விளையும் வயல்களின் கமக்காரர் அமைப்புகள் காலபோக அறுவடையில் ஏக்கருக்கு ஒரு சிறு பங்கு ஒதுக்கலாம். பாடசாலைகளின் பழைய மாணவர் சங்கங்கள் மைதான மதிலுக்குச் சேர்க்கும் பணத்தில் ஒரு பகுதியை இதற்குத் திருப்பலாம். துர்க்காபுரத்தில் கோயில் செய்து காட்டியதைப் புளியம்பொக்கணை நாகதம்பிரான் கோயிலும் செய்ய முடியும். பங்குனியில் வந்து குவியும் அடியார்களின் காணிக்கையில் ஒரு பங்கு, பதிவுக்குப் போகும் பிள்ளையின் முதல் மாதச் செலவாக மாறட்டும்.

இந்த நிதி பட்டப்படிப்பு முழுவதையும் சுமக்க வேண்டியதில்லை. உயர்தரம் எழுதிய நாளிலிருந்து உதவித்தொகை கைக்கு வரும் நாள் வரை சுமந்தால் போதும். அதற்கு முதலில் பெயர்கள் தெரிய வேண்டும். கண்டாவளைப் பிரதேசத்தில் உயர்தர வகுப்பில் படிக்கும், தாய் தகப்பன் இல்லாத, அல்லது இல்லத்தில் வளரும் பிள்ளைகள் எத்தனை பேர், எந்தப் பாடசாலை, யாரோடு இருக்கிறார்கள், எப்போது பதினெட்டு வயது நிரம்புகிறது என்ற பட்டியல் இன்று எந்த ஒரு கையிலும் முழுமையாக இல்லை. இங்கே வந்திருக்கும் அதிபர்களும், கிராம அலுவலர்களும், சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர்களும் ஒரு மேசையில் கூடி, அடுத்த உயர்தரப் பரீட்சைக்கு முன் அந்தப் பட்டியலை எழுதி முடிக்க வேண்டும் என்று இந்த அவை கேட்டுக்கொள்கிறது.